இழுக்கிற வண்டிக்கு நாலு டயர்

குதிரைகளை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் பிழைப்பு. பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி ஓட்டுவது அக்கா. குதிரைகளைத் தாஜா பண்ணி ஏற்றி இறக்குவது தம்பி. வருஷக்கணக்காக ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன வாரம் மலைச்சரிவில் இறங்கும்போது டிரெய்லர் திடீரென்று இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இழுத்துப்போகிற பிக்கப்பையும் சேர்த்து உலுக்கியது. அக்கா பதறி பிரேக்கை மிதிக்கவில்லை; ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் மெல்ல அடங்கியது. ஓரங்கட்டிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், உள்ளே இருந்த செவலைக் குதிரை வியர்வையில் தொப்பலாக நனைந்து, கண்ணை உருட்டி நின்றது.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு ஒரு பயம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கை தளர்ந்துவிட்டதோ? யாரிடமும் வாய் திறக்கவில்லை. வந்த இரண்டு சவாரிகளை முதுகு வலி என்று தட்டிக்கழித்தாள்.

பிக்கப்பின் பின் டயர் ஒன்றின் பக்கவாட்டில் எலுமிச்சைப் பழம் அளவுக்கு வீங்கியிருந்ததைத் தம்பிதான் கண்டுபிடித்தான். "இனிமே இதுல ஓட்டினா வெடிச்சிடும், வா" என்று டயர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

கடைக்குள் ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. வாசலிலேயே கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த ஒரு டயரைப் பார்த்துத் தம்பி சொக்கிப்போனான்.

"அக்கா, இதை மாட்டினா நம்ம வண்டி சிங்கம் மாதிரி நிக்கும்!"

"சேத்துல, பாறையிலயா ஓட்டுவீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லைங்க, தார் ரோடுதான்."

"அப்ப இது காது வலிக்க இரைச்சல் போடும், அவ்வளவுதான். பின்னால என்ன இழுக்கறீங்க?"

"குதிரை. ரெண்டு" என்றாள் அக்கா.

கடைக்காரர் டார்ச்சை அடித்துப் பழைய டயரின் எழுத்துகளைப் படித்தார். "இதை எப்ப மாத்தினீங்கம்மா?"

"மூணு மாசம் ஆச்சு. வழியில ஒண்ணு கிழிஞ்சிடுச்சு. மத்ததும் தேஞ்சிருந்துச்சு. பக்கத்துல இருந்த கடையில இதே அளவுல நாலையும் மாட்டிக் கொடுத்தாங்க."

"அளவு சரிதான். ஆனா இது ஆளுங்க போற காருக்கு உள்ளது. சுமை தாங்காது. இங்க அமுக்கிப் பாருங்க." மாட்டாத கார் டயர் ஒன்றை நீட்டினார். பக்கச் சுவர் அவள் கைக்குச் சுலபமாக மடங்கியது. சுமை இழுக்கிற வண்டிகளுக்கான டயரை அடுத்து வைத்தார். அமுக்கினாள், அசையவில்லை. "இந்தச் சுவர் நெளிஞ்சா பின்பக்கம் தள்ளாடும். சரிவுல டிரெய்லரும் சேர்ந்து ஆடும்."

அக்கா டயரிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ... போன வாரம் சரிவுல அப்படித்தான் ஆடி, அப்புறம் அடங்குச்சு. நான் ஓட்டினதுல தப்பு இல்லையா?"

"கனமான குதிரையை எங்க நிறுத்துவீங்க?"

"முன்னாலதான், எப்பவும்."

"அப்புறம் என்ன? பாரமும் சரியாத்தான் ஏத்தியிருக்கீங்க. இந்த டயரை வச்சுக்கிட்டு ஆட்டத்தை அடக்கியிருக்கீங்களே, அதுவே பெரிசு."

தம்பி திரும்பிப் பார்த்தான். "அடிப்பாவி! முதுகு வலின்னு சொன்னது இதுக்குத்தானா?"

"வாயை மூடு" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

பற்கள் பெரிதாக இல்லாத, மழையில் பிடிக்கிற சுமை டயர் நாலும் கூடவே ஸ்டெப்னிக்கு ஒன்றும் எடுத்தார்கள். இழுக்கும்போது எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் வண்டிக் கதவு ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை செவலைக்கு மறுபடி ஒரு சவாரி, அதே சரிவு வழியாக. வளைவு நெருங்கியதும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் தம்பியும் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டுதான் இருந்தான், வெளியில் வேடிக்கை பார்க்கிறவன் போல. வண்டி குனிந்தது, திரும்பியது. டிரெய்லர் சொன்ன பேச்சு கேட்டுப் பின்னாலேயே வந்தது.

அடிவாரத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தார்கள். குதிரை தீவனப் பையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

அக்கா போனை எடுத்தாள். தட்டிக்கழித்த சவாரிக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "முதுகு தேவலைங்க, நாளைக்கே வரட்டுமா?" என்று கேட்டாள்.