உடம்போடு தைத்த உடை

அண்ணன் செத்தபோது அண்ணி அழவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மன்னிப்பே கிடையாது. நாங்கள் பரதநாட்டியக் குடும்பம். காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூடக் கண்ணாலேயே சண்டை போடுவோம். அண்ணி தாய்லாந்துக்காரி. அவள் கற்ற ஆட்டத்தில் முகம் அசையாது. துக்கமெல்லாம் கையில்தான்.

இரண்டையும் சேர்த்துக் கோயிலுக்காக அண்ணன் ராமாயணம் அமைத்திருந்தான். ராமனின் தலை என்று ஒரு மாயத் தலையைக் காட்டி ராவணன் சீதையை ஏமாற்றும் இடம். சீதையாக அண்ணி கையால் அழுவாள், தோழியாக நான் முகத்தால் அழுவேன். அவன் போன பிறகும் ஆடியே தீருவேன் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். ஆட்டம் முடிந்த மறுநாளே தன் ஊருக்குப் போக டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

"புருஷன் செத்ததுக்கே அழாதவ, மேடையில அழுது என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றாள் அம்மா.

"காதுல விழப்போகுதும்மா."

"விழட்டும்."

ஆனாலும் ஆட்டத்தன்று அம்மா ஊசியோடு வந்தாள். அண்ணியின் உடையை ஆடப்போகும் நேரத்தில் உடம்போடு சேர்த்துத் தைக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். எப்போதும் அண்ணன்தான் தைப்பான். அம்மா தையல்காரி. அண்ணியை நிற்கவைத்து அளவெடுத்து அந்த உடையை வெட்டியதே அவள்தான்.

ஒப்பனை அறையில் அம்மா முதுகுத் துணியின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்தாள். ஒரு பிடித் துணி மிஞ்சியது. அவள் வெட்டியதில் பிசகு வராது.

"ஏம்மா, நீ சாப்பிடறியா இல்லையா?" என்று அண்ணியைக் கேட்டாள்.

அண்ணியின் முகம் கண்ணாடியில் எப்போதும்போல இருந்தது. இடது கை மட்டும் மெல்ல நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றது. ஒத்திகையில் நான் எத்தனையோ தடவை பார்த்த அசைவு. அவர்கள் ஆட்டத்தில் அதுதான் அழுகை.

அதை நான் சொன்னதும் அம்மா ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிட்டாள். "அவன் போன அன்னிக்கும் இப்படித்தாண்டி கைய வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. தலைவலின்னு நெனச்சு மாத்திரை குடுத்தேனே, பாவி!" என்று ஓவென்று அழுதாள். வெளியே மணி அடித்தார்கள்.

"ஊருக்குப் போகாதம்மா. எங்களோடயே இரு" என்றாள் அம்மா.

அண்ணி திரும்பவில்லை. ஊசி இன்னும் முதுகுத் துணியில்தான் இருந்தது.

"போறேன் அத்தை. நீங்க எல்லாரும் என் மூஞ்சியத்தான் பார்த்தீங்க. அவர் ஒருத்தர்தான் என் கையைப் பார்த்தார்."