பயத்துக்குப் பதினொரு நாள்

என் மனைவிக்கு முப்பத்தைந்து வயதில் முதல் வேலை கிடைத்தது. கணினிக்கு நிரல் எழுதும் வேலை. பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரங்களில் தானாகவே படித்துத் தேறியவள். சேதி வந்த அன்று என் துணிக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே விலையைக் குறைத்தேன். ஆனால் வேலையில் சேர்ந்த கையோடு அவள் முகம் வாடிவிட்டது.

"ஆள் மாத்தி எடுத்துட்டாங்களோன்னு தோணுதுங்க."

"நல்ல சரக்குன்னு பாத்துதான் எடுத்திருக்காங்க."

"சாயம் போற துணிக்கும் நீங்க அப்படித்தானே சொல்வீங்க?"



அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். புது வேலை வந்தால், அது எத்தனை நாள் பிடிக்கும் என்று குழுவில் ஒவ்வொருவரும் கணினியில் காட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று ஆகிய எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா எண்களும் ஒரே நொடியில் திரையில் தெரியும். மிகவும் கூட்டிச் சொன்னவரும், மிகவும் குறைத்துச் சொன்னவரும் காரணம் சொல்லியாக வேண்டும். எங்கள் கடைத்தெருவில் இப்படி ஒரு சட்டம் வந்தால் பாதிப் பேர் கடையைக் கட்டிவிடுவார்கள்.

முதல் தடவை மற்றவர்கள் மூன்று என்றபோது இவள் ஒன்று என்றாள். கூட்டிச் சொன்னால் மந்தம் என்று நினைத்துவிடுவார்களாம். முடிக்கிறேன் பேர்வழி என்று அவசரத்தில் எழுதியதில், அவர்களுடைய இணையக் கடையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பக்கம் நின்றுபோனது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை, அந்த மௌனம்தான் இவளை அரித்தது.

எண் சொல்லும் அடுத்த கூட்டத்தன்று வீட்டிலிருந்தே வேலை. காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னைக்கும் சொதப்பினா நானே விட்டுடுறேன். அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி."

பதறிப்போய் எனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தேன். "அடிமாட்டு விலை சொன்னா எவன் மதிப்பான்? பத்துன்னு சொல்லு. அடிச்சுப் பேசி அஞ்சுக்கு வரட்டும்."

"அதுல பத்தே கிடையாது. எட்டு, விட்டா பதிமூணு."

"அப்ப பதிமூணு!"

விளையாட்டாகத்தான் சொன்னேன்.

கூட்டம் தொடங்கியதும் கதவோரம் நின்றேன். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டுமாம். திரையில் எண்கள் விழுந்தன: இரண்டு, மூன்று, இரண்டு, பதிமூன்று.

அடிப்பாவி என்று உள்ளுக்குள் அலறினேன்.

குழுத் தலைவன் இவளைவிட இளையவன். எங்கள் வீட்டில் அவனுக்குத் தாடி என்று பெயர். "பதிமூணாக்கா?" என்றான். "எதனால?"

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"வேலைக்கு ரெண்டு நாள்," என்றாள் மெல்ல. "பாக்கி பதினொண்ணு பயத்துக்கு."

இதோ அடித்துப் பேசப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் பேரம் பேசவில்லை.

"என்ன பயம்க்கா?" என்றாள் குழுவில் இருந்த கண்ணாடிக்காரப் பெண்.

"ஏற்கெனவே எழுதி வெச்ச பழசைத் தொட்டா வேற எங்கயோ உடையுது. ஏன்னு புரியல. கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு நினைப்பீங்களோன்னு..."

"அந்தப் பழசை எழுதின மகராசியே நான்தான்க்கா. அதைத் திறக்க எனக்கே பயம். சேர்ந்து உக்காந்து பாப்போமா?"

"பயத்தை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கங்க," என்று தாடி சிரித்தான். "அஞ்சுன்னு போட்டுக்கவாக்கா?"

தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இவளோ சற்று யோசித்தாள்.

"அஞ்சுல முடியாது. எட்டு."

"சரி, எட்டு," என்றான். அவ்வளவுதான். அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் பாய்ந்து போனேன். "பாத்தியா! பதிமூணுல ஆரம்பிச்சதாலதான் எட்டுல நின்னுது."

"பதிமூணு நீங்க சொன்ன விலை," என்றாள். "எட்டு என்னோட அடக்க விலைங்க."

அடக்க விலை! கடையில் நான் நாள் முழுக்க ஓதும் மந்திரம். அதை ஒருவர் உள்ளபடியே சொல்லி அன்றுதான் கேட்டேன். அவள் தோளில் கை வைத்தேன்.

அதற்குள் கண்ணாடிக்காரி கணினியில் அழைத்துவிட்டாள்.

"தள்ளுங்க, கேமராவுல தெரியுறீங்க," என்று என்னை விரட்டிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என் மனைவி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "எனக்கு முதல் வரியே புரியலம்மா. அங்கேருந்தே ஆரம்பிக்கலாமா?"