நாற்பத்தொன்றாம் பக்கத்து ஆள்

செத்து ஆறு வருடம் ஆன பிறகும் புரோகிராமர் தினமும் காலை ஒன்பதரைக்குத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம், கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி. ‘சந்தேகம் இருந்தால் மென்பொருளை எழுதியவரைக் கேட்கவும், மாடிப்படியை ஒட்டிய அறையில் ஒன்பதரை முதல் ஆறு வரை இருப்பார்’ என்றது அது. அந்த வரியை எழுதியது அவருடைய மனைவி. அதே அலுவலகத்தில் கையேடு எழுதுவதுதான் அவள் வேலை. கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வீட்டுக் கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்டவர்கள் மேல் இருந்த எரிச்சலில் எழுதினாள். நெஞ்சுவலி வந்து அவர் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், வால்வுப் பிரிவிலிருந்து ஒருவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த அறைக்குப் போனார். புரோகிராமர் இருந்தார், பதில் சொன்னார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்து, பாதிப் படியில்தான் வியர்த்துப்போய் உட்கார்ந்தாராம்.

அந்த அலுவலகத்தில் இது அப்படியொன்றும் பெரிய அதிசயம் இல்லை. ஊரின் முந்நூற்றுச் சொச்சம் தெருக்களில் எதற்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று சொல்லும் மென்பொருள் அங்கேதான் ஓடியது. அதன் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது நடக்கும். இயந்திரம் விழித்துக்கொள்ள நான்கு நிமிடம் ஆகும் என்று பன்னிரண்டாம் பக்கம் சொன்னதால், பின்னாளில் எவ்வளவு வேகமான பாகங்களை வாங்கிப் பொருத்தியும் நான்கு நிமிடம்தான் ஆனது. மூலக் கையேட்டில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடக் கூடாது என்பது விதி. செத்தவருக்காக அதைத் தளர்த்த மேனேஜருக்கு மனசில்லை. “லீவே கேக்காத ஒரே ஆளும்மா அவரு” என்றார் அவளிடம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அவளும் வற்புறுத்தவில்லை. முதல் வருடம் அவள் சந்தோஷமாகவே இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஆறு அடித்ததும் நாற்காலி காலியாகும், அவள் தனியாக வீட்டுக்குப் போவாள், மறுநாள் காலை அவர் இருப்பார். உயிரோடு இருக்கும் புருஷன்களே இவ்வளவு ஒழுங்காக வந்து சேர்வதில்லை.

ஆனால் அவர் களைத்துப்போனார். அந்த வரியில் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. இருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் அதே எட்டுப் பத்துக் கேள்விகளோடு படியேறினார்கள். ஒருத்தராவது பதிலை எழுதிவைத்துக்கொள்ளவில்லை, நாளைக்கும்தான் இருப்பாரே என்று. மூன்றாவது வருடம் அவர் கண் சிவந்தே கிடந்தது, சட்டைக் காலர் நைந்துவிட்டது. செத்தவர் சட்டை நையுமா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அவள் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் எதிரே நின்று காலரைப் பார்த்துவிட்டு வருவாள்.

நான்காவது வருடம் பழைய இயந்திரங்களுக்கு உதிரி பாகம் கிடைக்காமல் போயிற்று. மென்பொருளை வேறு இயங்குதளத்துக்கு மாற்ற முடிவு செய்து, எட்டு மாதத்தில் மாற்றியும் முடித்தார்கள். கையேடு பாக்கி. இதற்கும் ஒரு முறை இருந்தது. மூலத்தைத் தொடாமல், புதிய இயங்குதளத்தில் மாறுபடுவதை மட்டும் வித்தியாசப் புத்தகம் என்ற தனிப் புத்தகத்தில் பக்கவாரியாக, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று எழுத வேண்டும். எழுதிய அன்றிலிருந்து அதுதான் செல்லும். மாறுபாடு இல்லாத பக்கத்துக்கு ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் செய்து பார்த்து டிக் போட ஒரு சோதனைக்காரர் இருந்தார். ஓய்வுபெறப் போகிற வயது, தன் கையெழுத்தையே இரண்டு முறை சரிபார்க்கும் மனுஷன். கோப்புப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்றது மூலம். புதியதில் தாண்டலாம் என்று அவள் எழுதினாள், அவர் முப்பது எழுத்தில் ஒரு பெயர் வைத்துப் பார்த்து டிக் போட்டார். இப்படி ஐந்து மாதத்தில் நாற்பது பக்கம் முடிந்தது.

நாற்பத்தொன்றுக்குச் சோதனைக்காரர் படியேறிப் போய், கடிகாரத்தைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்து, “புதுசுலயும் வேலை செய்யுது” என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். வித்தியாசம் இல்லை என்று ஒரு கையெழுத்து, முடிந்தது. அவளால் அந்தக் கையெழுத்தைப் போட முடியவில்லை. போட்டால் அவர் என்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மாற்றி எழுதினால் அவள் அவரை இனிமேல் பார்க்கவே முடியாது. பொருளடக்கத்தை மூன்று முறை கலைத்து அடுக்கினாள், பிழைச் செய்திகளுக்கு அகர வரிசைப் பட்டியல் போட்டாள், யாரும் கேட்காத பின்னிணைப்பு ஒன்றைச் சேர்த்தாள். நாற்பது பக்கம் புதியதிலும் மிச்சம் பழையதிலுமாக மென்பொருள் இரண்டும்கெட்டானாக நின்றது. ஒரு தெருவுக்கு ஒரே காலையில் இரண்டு தடவை தண்ணீர் வந்தது, பக்கத்துத் தெருவுக்கு ஒன்பது நாளாக வரவில்லை. வாசலில் காலிக் குடங்களோடு ஜனங்கள் நின்று கத்தினார்கள்.

ஒரு நாள் மதியம் அவள் ஒரு துண்டுத்தாளில் பென்சிலால், ‘புதிய இயங்குதளத்தில் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார்’ என்று எழுதிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“அங்கயும் வந்து பதில் சொல்லிட்டு இருக்கணுமா?”

“நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க.”

“நீயா? நீ கேக்காம இருப்பியா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவர், “முடியலம்மா. தூங்கணும்போல இருக்கு” என்றார். அவள் துண்டுத்தாளைக் கிழித்துப்போட்டாள்.

மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். இனி ஒருத்தரும் படியேற வேண்டிய அவசியம் இல்லாதபடி, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதினாள். மேட்டுத் தெருக்களுக்கு மட்டும் ஏன் பதினொரு நிமிடம் முன்னதாகவே வால்வு திறக்கிறது, மாதக் கடைசியில் ஏன் ஒரு கோப்பு காணாமல் போய்த் திரும்பி வருகிறது, எல்லாம். பதினொரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். கடைசிக் கேள்வியைக் கேட்க அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

“அன்னைக்குக் காலைல உங்ககூடச் சண்டை போட்டு அனுப்பினேனே, மனசுல வச்சுக்கிட்டேவா போனீங்க?”

“எந்தச் சண்டை?” என்றார் அவர், உண்மையாகவே யோசித்து.

பழக்க தோஷத்தில் அதையும் எழுதிவிட்டு, அப்புறம் அடித்தாள். அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. மணி ஐந்தே முக்கால். வித்தியாசப் புத்தகத்தைத் திறந்து நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு நேராக, ‘எழுதியவர் அறையில் இருக்கமாட்டார். ஓய்வெடுக்கிறார்’ என்று எழுதினாள். அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். கைகளை மேசைமேல் மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் லேசான குறட்டை கேட்டது, வீட்டில் கேட்ட அதே குறட்டை. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு அடித்ததும் நாற்காலி காலியானது. அவள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலை ஒன்பதரைக்குச் சோதனைக்காரர் படியேறிப் போய், ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

“முதல் வாக்கியம் சரிம்மா. ஆள் இல்ல. ரெண்டாவதை எப்படிச் சோதிக்கிறது?”

“அதை நான் பாத்துட்டேன் சார். டிக் போடுங்க.”

அவர் டிக் போட்டுவிட்டு நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.