ஏழாவது எழுத்து

காலை பத்து நாற்பது. பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும். ரூத் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கிளம்பும்.

பெட்டியில் இருப்பது காசநோய்ப் பரிசோதனைக்கான டிஎன்ஏ துணுக்கு. மொத்தம் இருபது எழுத்து. வரிசை சரியா என்று பார்ப்பது திருவொற்றியூரின் இந்தச் சின்ன ஆய்வகத்தின் வேலை. துணுக்கை மின்னேற்றி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் வாயுவில் மோதவிட்டு உடைப்பார்கள். உடைந்த துண்டுகளை மெஷின் எடை போடும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளின் எடை வித்தியாசம்தான் எழுத்து. முந்நூற்றுப் பதின்மூன்று என்றால் ஏ. முந்நூற்று நான்கு என்றால் டி.

நேற்று ரூத் லீவு. உடைத்துப் பார்த்தவர் வரதன். வியாசர்பாடிக்காரர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். அவர் வைத்த தாளில் இருபதும் சரி.

உப்புதான் உறுத்தியது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் துண்டுகளில் கொஞ்சம் சோடியம் ஒட்டும். மெஷின் வரைந்து தரும் தாளில் இருபத்திரண்டு தள்ளி ஒரு குட்டை முள் எழும். ஒரு நாள் எழுந்த உயரம் மறுநாள் இருக்காது. நேற்றைய தாளையும் இதே துணுக்குக்கான போன மாதத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலில் பிடித்தாள். உப்பு முள்கூடப் பிசகாமல் ஒரே தாள்போல் தெரிந்தது.

நேற்று சோதனைக்கென்று எடுத்துவைத்த டியூப் ஸ்டாண்டில் இருந்தது. காலியாக, ஈரமாக. இங்கே யாரும் டியூபைக் கழுவுவதில்லை. தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

வரதன் டீயோடு வந்தார்.

"இன்னாம்மா, ஒரு மாதிரி கீற? வூட்ல எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்லண்ணே. டியூப்ப யாரு கழுவுனது?"

"நான்தான். கலீஜா கெடந்துச்சு." சிரித்தார். "சட்டுனு கையெழுத்து போடு. டிரைவரு வந்தான்னா கத்துவான்."

அவர் வெளியே போனார். ரூத் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சீல் உடைந்த பெட்டி இன்றைக்குப் போகாது. ஏன் போகவில்லை என்று மேலே கேட்பார்கள்.

டீ ஆறியது. சீலைக் கிழித்தாள்.

ஒரு டியூபிலிருந்து எடுத்து மெஷினில் ஓட்டினாள். ஆறாவது எழுத்துவரை சரி. ஏழாவது ஏ இருக்க வேண்டும்; வந்தது டி. முந்நூற்று நான்கு. இன்னொரு டியூபிலிருந்தும் எடுத்து ஓட்டினாள். முந்நூற்று நான்கு. இந்தத் துணுக்கை நம்பினால், இருக்கிற நோயும் இல்லையென்று வரலாம்.

வாசலில் ஹாரன். வரதன் உள்ளே வந்தார். கிழிந்த சீலில் அவர் கண் நின்றது.

"இன்னா ரூத்து, யார கேட்டுப் பிரிச்ச?"

அவள் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். திரையைத் திருப்பினாள்.

"குந்துண்ணே. ஏழாவது இன்னா எழுத்துன்னு நீயே படி."