கடைசியில்தான் முகக்கவசம்

"கவுன் முடிச்ச நடுமுதுகுல போடாத ருக்சானா, பக்கவாட்டுல போடு. அவுக்கும்போது எனக்குக் கை எட்டணும்ல" என்று சொல்லிக்கொண்டே நுஸைபா, தம்பி மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

கொல்லையில் நான்கு பக்கமும் போர்வை கட்டியிருந்தது. உள்ளே பெஞ்சில் உயிர் போன அம்மா ஷரீஃபா கிடந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த மாமி, மூன்று நாள் காய்ச்சல் என்றதும் வாசலோடு நின்றுவிட்டாள். "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்மா. என் வீட்லயும் புள்ளைக இருக்கு."

தம்பி முனீர் போர்வைக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தான். "அக்கா, மண்ணத் தொட்டுத் தடவி தயம்மும் செஞ்சாப் போதும்னு பள்ளிவாசல் அசரத்து சொல்றாரு. எதுக்கு வம்பு?"

"குளிப்பாட்டாம அனுப்ப மாட்டேன். ரெண்டு பிபிஇ கிட்டு இருக்கு. நீ தண்ணிய மட்டும் கொண்டாந்து வையி."

நுஸைபா ஆஸ்பத்திரி நர்ஸ். கொரோனா வார்டுக்குப் போகும்முன் பதினைந்து மணி நேர ஆன்லைன் பயிற்சி முடிக்க வேண்டும் என்று லிங்க் அனுப்பியிருந்தார்கள். வீடியோவை வேகமாகத் தள்ளிவிட முடியாது. முழுதும் ஓடினால்தான் அடுத்தது திறக்கும். ஆகவே போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைத்தாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவும் பார்த்தாள்.

"மாஸ்க்க ஏன்டி கடேசில கழட்டச் சொல்றான்?"

"அழுக்கெல்லாம் வெளிப்பக்கம் இருக்கும்மா. மத்தத உரிக்கும்போது அது பறக்கும். மூச்சு போற வழிய கடைசி வரைக்கும் மூடித்தான வைக்கணும்?"

"கவுன உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டுறான் பாரு. ஆட்டுத்தோல் உரிக்கிற மாதிரியேல்ல இருக்கு! உங்கத்தாவக் கூப்ட்டிருந்தா ஓசில சொல்லிக் குடுத்திருப்பாரு." தோல் மண்டிக்காரரின் மனைவி அவள்.

முதல் தேர்வில் நுஸைபா தோற்றது ஒரே கேள்வியில். கழற்றும்போது எத்தனை முறை கை கழுவ வேண்டும்? கடைசியில் ஒருமுறை என்று எழுதினாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் என்பது சரியான விடை. "வெங்காயம் உரிக்கிறவளுக்குத் தெரியுது, நர்ஸம்மாவுக்குத் தெரியல" என்று அம்மா சிரித்தாள். அன்றிலிருந்து நுஸைபா வேலை முடிந்து வந்து கொல்லையில் செருப்பை, துப்பட்டாவை, மாஸ்க்கைக் கழற்றும்போதெல்லாம், அடுப்படி ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் வரும்: "கை."

ஒருநாளும் ஒரு படியைத் தவறவிட்டதில்லை. இந்த மூன்று நாளாக அந்தப் படிகளில்தான் அவள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எதில் தவறி நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தாள்?

வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். இலந்தை இலை போட்ட தண்ணீரை ருக்சானா ஊற்ற, நுஸைபா துணிக்கடியில் கைவிட்டுத் தேய்த்தாள். மூன்றாம் தண்ணீரில் கற்பூரம். கண்ணாடிக்குள் ஆவி படிந்து அம்மாவின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள். கையுறை ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டாள். கஃபன் துணி சுற்றி முடிந்ததும் முனீர் ஆட்களோடு வந்து தூக்கிப் போனான்.

முதலில் ருக்சானாவைக் கழற்ற வைத்தாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சோப்புத் தண்ணீர் வாளியை விரலால் காட்டினாள்.

பிறகு தன் கையுறைகளை உள்பக்கம் வெளிவர உரித்துப் பையில் போட்டாள். வெறுங்கை இரண்டையும் முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றாள்.

"என்ன மைனி? நாடா சிக்கிக்கிருச்சா?"

நுஸைபா அடுப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிய ஆண்களின் கலிமா சத்தம் நகர்ந்து நகர்ந்து தேய்ந்தது.

ருக்சானாவும் அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குவளையில் மொண்டு அந்தக் கைகளில் ஊற்றினாள். தண்ணீர் விரல்களின் வழியாக இறங்கி, சாக்கடை வாயில் ஒதுங்கிக் கிடந்த இலந்தை இலைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் போயிற்று.