பன்னிரண்டடித் தட்டும் லிஃப்ட் மெக்கானிக்கும்

லிஃப்ட் மெக்கானிக் முதலில் ஓரங்களில்தான் மங்கத் தொடங்கினார். கொல்லையில் கான்கிரீட் தூண் எழுப்பி, அதன்மேல் பன்னிரண்டடி டிஷ் ஆன்டெனாத் தட்டை நிறுத்தி, அக்கம்பக்கத்தில் எவரும் கண்டிராத எச்.டி. படத்தை வீட்டுக்கு வரவழைத்த மாதம் அது. செய்தி வாசிப்பவரின் புருவத்தை முடி முடியாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மனைவி தையல்காரி. அவருக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது, தோள் எங்கே முடிகிறது என்று டேப்புக்குப் பிடிபடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். குற்றம் கண்ணாடியில் இல்லை, கணவரிடம்தான்.

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, வயதானால் இதெல்லாம் சகஜம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெக்கானிக்கோ எதையும் கண்டுகொள்ளவில்லை. வேலை முடிந்து வந்ததும் ஸ்பானரோடு ஏணியில் ஏறி, "வருதா?" என்று கத்துவார். ஹாலிலிருந்து அவள், "வருது, வருது... ஐயோ, போச்சு!" என்பாள். படம் ஒரு படி தெளிந்தால் மனுஷன் ஒரு படி மங்கினார். காது போயிற்று, பிறகு மூக்கு. ஒரு நாள் லிஃப்ட் கதவின் சென்சாருக்கே அவர் தென்படவில்லை; கதவு அவர் கைமேல் மூடிக்கொண்டது. கதவு பழசு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டு பளிச்சென்று தெரிந்தது, கை தெரியவில்லை.

தட்டைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். அவர்தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளாயிற்றே! "ஆயுசு முழுக்க ஒருத்தன் ரெண்டா தெரியுற படத்தையே பாத்தாச்சு. இனிமேலாவது ஒழுங்கா பாக்குறேனே, விடேன்" என்றார். இதற்கு மேல் இவரிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த வாரம் அடித்த காற்றில் தட்டு நகர்ந்தது. அவர் ஏணியில் ஏறினார். அவள் டிவிக்கு முதுகைக் காட்டி, சன்னலோரம் நின்று அவரையே பார்த்தாள். "வருதா?" என்றார். "இல்ல, இன்னும் இடப்பக்கம்" என்றாள். காது வந்தது. கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னாள், மூக்கு வந்தது. இன்னும் ஒரு நூலளவு திருப்பச் சொன்னாள். தாடையில் சவரத்துக்குத் தப்பிய நாலு முடிகூட வந்துவிட்டது. "வந்துட்டீங்க! அப்படியே இறுக்குங்க!" என்று அவள் கத்தினாள். அவர் போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்கினார்.

உள்ளே திரை முழுக்க நீலம், நடுவில் 'சிக்னல் இல்லை.' படம் எங்கே என்று சண்டைக்கு வந்தவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "படம் போனா போகுது. எனக்கு நீங்க வேணும்" என்று விசும்பினாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தடியில் கிரீஸ் தெரிந்தது. "நல்லா இறுக்கிட்டேன், இனி நகராது" என்றார்.

அதன்பின் அந்த வீட்டில் டிவி நீலமாகவே ஓடியது; இருவரும் அதன் முன்னாலேயே சாப்பிட்டார்கள். விஷயம் தெருவில் பரவி, பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் தன் கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். புது எச்.டி. செல்போனையே பார்த்துக் கிடந்ததில் அவருக்கும் கன்னங்கள் போயிருந்தன. "அக்கா, தட்டை இவர் பக்கமா கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். தையல்காரி யோசித்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"தட்டு பெருசுதாம்மா. ஆனா ஒரு ஆளுக்குத்தான் பத்தும்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கின் சட்டைக்குக் காலர் வைக்க உட்கார்ந்தாள்.