அடுப்புக்குத் தூரத்தில் ஒரு போத்தல்

வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் மணலை அள்ளி மூதூர்க் கடற்கரை வீடுகளுக்குள் வீசிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். 1968ஆம் ஆண்டு, ஆனி மாதம். அந்தப் பகுதிக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்து இரண்டு வருடமாகியிருந்த இரத்தினேஸ்வரி, பிறந்து பத்து நாளான ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்து வளவில் ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது. குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அது மீன்பிடிக்காரன் சரீப்பின் வீடு. அவன் மனைவி ஸல்ஹா சமையற்கட்டான குசினியின் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய மகள் அசனா, இன்னும் இரண்டு வயது நிரம்பாதவள், மூச்சுத் திணற இருமிக்கொண்டிருந்தாள். அவள் சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் மணந்தது. அயலில் இருந்து வந்த ஒருத்தி பிள்ளையைக் குப்புறப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுச் சத்தி எடுக்கவைக்கப் பார்த்தாள்.

“விரலை எடுங்கோ! சத்தி எடுக்கவைக்கக் கூடாது!” என்று இரத்தினேஸ்வரி பிள்ளையைப் பறித்தெடுத்தாள். “திரும்ப மேல வந்தா எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிரும். ஒண்டும் குடிக்கக் குடுக்காதேங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.”

சரீப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான்; இரத்தினேஸ்வரியும் பின்னாலேயே போனாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி இராசையா பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இந்த மாதத்தில மூண்டாவது. எத்தினை தரம் சொல்லியாச்சு! தாய்மாருக்குக் கவனம் இல்லை, மிசி. அவ்வளவுதான்.”

 அந்தச் சொல் இரத்தினேஸ்வரிக்குப் பொருந்திவரவில்லை. ஸல்ஹாவை அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஊசி போடும் நாளை ஒரு தரமும் தவறவிடாதவள். குசினியைத் தினமும் இரண்டு தரம் கூட்டுகிறவள். அவளுக்கே கவனம் இல்லை என்றால், அந்தத் தெருவில் யாருக்குத்தான் இருந்தது?

அசனாவுக்குக் காய்ச்சல் ஏறியது. நான்கு நாள் மூச்சு இழுத்தது. ஐந்தாம் நாள் எழுந்திருந்து வாழைப்பழம் கேட்டாள்.

அன்றைக்கு இரத்தினேஸ்வரி இராசையாவிடம் போய், மண்ணெண்ணெய் குடித்து வந்த பிள்ளைகளின் விவரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் பழைய பதிவுக் கொப்பிகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் பதினான்கு பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளை இறந்துபோயிருந்தது. மாதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

“ஐயா, பதினொரு பிள்ளைகள் கச்சான் மாதங்களில வந்திருக்கினம்.”

“வெயில். பிள்ளையளுக்குத் தண்ணி விடாய்.”

“தண்ணி விடாய்க்குத் தண்ணியைத்தானே குடிக்கும்? அதுவும் வீட்டில தண்ணிப்பானை இருக்கேக்க.”

இராசையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

அடுத்த கிழமை முழுவதும் இரத்தினேஸ்வரி, பிள்ளைகள் மண்ணெண்ணெய் குடித்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். ஒரு வீட்டிலும் எதுவும் அகப்படவில்லை. அவள் படலையைத் திறக்கும்போதே போத்தல் எங்கேயோ மறைந்துவிடும். “இப்ப மேலதான் வைக்கிறம், மிசி” என்பார்கள். பக்கத்து ஊரான கட்டைபறிச்சானில் ஒரு தாய் அழவே தொடங்கிவிட்டாள். அவளுடைய பிள்ளைதான் தப்பாதது. இரத்தினேஸ்வரி அங்கே கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவளோடு சற்று நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

கடைசியாக ஸல்ஹாவிடம் போனாள். ஸல்ஹா கதவைப் பாதிதான் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“நீங்களும் ஏசத்தான் வந்தீங்களா? தெருவே ஏசிட்டு. மாமி ஏசிட்டாங்க. அப்போதிக்கரியும் ஏசிட்டாரு.”

“ஏச வரேல்லை, ஸல்ஹா. எனக்கு ஒண்டு விளங்கேல்லை. உங்களைக் கேட்டாத்தான் விளங்கும் எண்டு வந்தனான்.”

 ஸல்ஹா கதவை முழுவதும் திறந்தாள்.

“அண்டைக்கு இந்தக் குசினி எப்பிடி இருந்ததோ, அப்பிடியே எல்லாத்தையும் வச்சுக் காட்டுவீங்களா?” என்று கேட்டாள் இரத்தினேஸ்வரி.

ஸல்ஹா ஒவ்வொன்றாக வைத்தாள். கிழக்குச் சுவரோடு அடுப்பு. அதற்கு எதிர்ச் சுவரோடு, ஈர மணலில் தண்ணீர்ப் பானை. பானைக்குப் பக்கத்தில் தரையில் மண்ணெண்ணெய்ப் போத்தல், வாயில் கடதாசியைச் சுருட்டி அடைத்தபடி. போத்தலுக்குப் பக்கத்தில், விளக்குக்கு ஊற்றுகிற பால்மாத் தகரப் பேணி.

“போத்தலைப் பானைக்குப் பக்கத்தில ஏன் வைக்கிறனீங்கள்?”

“அடுப்புக்குத் தூரமா வைக்கணுமே!” ஸல்ஹாவுக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. “என்ட தாத்தாட வீடு அப்பிடித்தான் எரிஞ்சது. அடுப்படியில வச்ச போத்தல் பத்தி, கூரைக் கிடுகெல்லாம் போயிட்டு. அண்டையில இருந்து எங்கட தெருவில ஒருத்தரும் அடுப்புக்கிட்ட வைக்கிறல்ல. குசினியில ஆகத் தூரமான இடம் தண்ணிப்பானையடிதான். அங்க ஈரமும் இரிக்கி.”

தாத்தா என்று அவள் சொன்னது தன் அக்காவை.

இரத்தினேஸ்வரி பானைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பிறகு இன்னும் தாழ்ந்து, அசனாவின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். அடுப்பு முதுகுக்குப் பின்னால் இருந்தது. பானையும் பேணியும் போத்தலும்தான் தெரிந்தன. பானையின் வாயை ஒரு பலகை மூடியிருந்தது. பலகைக்கு மேலே ஒரு கருங்கல்.

“இந்தக் கல் எப்பவும் இருக்குமோ?”

“இல்ல. கச்சானுக்குத்தான். மூடாட்டித் தண்ணிக்குள்ள மணல் விழும். வெறும் பலகையக் காத்துத் தூக்கிரும். அதுக்குத்தான் கல்லு.”

“மற்ற நாளில பிள்ளை தானா அள்ளிக் குடிப்பாளா?”

“ஓம், பலகையத் தள்ளிட்டு அள்ளிக் குடிப்பாள். கெட்டிக்காரி...” ஸல்ஹாவின் பேச்சு நின்றது. அவள் கல்லைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள். “அல்லாஹ்வே! பானை திறக்க ஏலா. போத்தல் திறக்க ஏலும்.”

 தீக்குப் பயந்து ஒரு வேலை. மணலுக்குப் பயந்து இன்னொரு வேலை. இரண்டும் கவனமுள்ளவள் செய்கிற வேலைகள். இரண்டும் சேர்ந்த இடத்தில் பிள்ளை பேணியோடு நின்றிருந்தாள்.

“அப்ப நான் கவனமில்லாதவள் இல்லதானே, மிசி?” என்றாள் ஸல்ஹா மெதுவாக. அவள் கண் நிறைந்திருந்தது.

“இல்லை. கவனம் கூடித்தான் இது நடந்திருக்கு.”

இரத்தினேஸ்வரி மற்ற வீடுகளுக்குத் திரும்பிப் போனாள். இந்தத் தரம் ஸல்ஹாவும் கூட வந்தாள். அவள் தன் கதையைச் சொன்னதும் பெண்கள் போத்தலைத் தாங்களாகவே எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்துக் காட்டினார்கள். கச்சானில் பிள்ளைகள் குடித்த பதினொரு வீட்டில் ஒன்பதில் அதே சுவர், அதே பானை, அதே கல்.

இராசையா முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு பின்னேரம் தானே ஸல்ஹாவின் வீட்டுக்கு வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து பானையைப் பார்த்தார். 

“பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை” என்றார் ஸல்ஹாவிடம்.

என்ன செய்வது என்பதற்கு வழி சொன்னவன் சரீப். வலை முடிகிற நூலில் போத்தலுக்கு ஒரு கூடு முடிந்து, அடுப்பில்லாத சுவரில் ஆளுயரத்துக்கு மேலே முளை அடித்துத் தொங்கவிட்டான். முதல் நாளே காற்றில் ஆடிப் போத்தல் சுவரில் மோதியது. கீழேயும் ஒரு கயிறு கட்டி இறுக்கினான். ஸல்ஹா ஒரு சின்ன முட்டியில் தண்ணீர் ஊற்றிச் சிரட்டையால் மூடி, அசனாவுக்கு எட்டும்படி கீழே வைத்தாள். சிரட்டைக்கு மேல் கல் இல்லை. மணல் விழுந்தால் தண்ணீரை மாற்றினாள். தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். வலை முடியத் தெரியாத வீடு அங்கே இல்லை. ஆவணி பிறக்குமுன்னே கட்டைபறிச்சான் வரைக்கும் சுவர்களில் போத்தல்கள் தொங்கின.

அடுத்த வருடக் கச்சானில் ஒரே ஒரு பிள்ளை மண்ணெண்ணெய் குடித்து வந்தது. ஸல்ஹாவின் தெருவில்தான். இராசையா ஆள் அனுப்ப, இரத்தினேஸ்வரி ஸல்ஹாவோடு அந்த வீட்டுக்குப் போனாள். அங்கும் சுவரில் நூல் கூடு இருந்தது. போத்தல்தான் இல்லை. கடலுக்குப் போகுமுன் தோணி லாம்புக்கு எண்ணெய் ஊற்றத் தகப்பன் எடுத்திருக்கிறான். ஊற்றிவிட்டு முற்றத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நல்லவேளை, பிள்ளை ஒரு வாய்தான் குடித்திருந்தது. இரண்டே நாளில் தேறிவிட்டது.

“ஆம்பிளையளிட்ட நாங்க ஒண்டும் சொல்லவே இல்ல” என்றாள் ஸல்ஹா.

அன்று பின்னேரம் சரீப் கரையில் தோணிக்காரரைக் கூட்டினான். லாம்பு எண்ணெய் இனி கடற்கரைக் கொட்டிலான வாடியிலேயே இருக்கட்டும், வீட்டுப் போத்தலைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒருநாள் இரத்தினேஸ்வரி நனைந்த குடையோடு தெருவால் போனபோது ஸல்ஹா வாசலில் நின்று கூப்பிட்டாள். இடுப்பில் அசனா இருந்தாள்.

“மிசி, மாரி துவங்கி இந்தத் தெருவில ரெண்டு புள்ளைக்குச் சுடுதண்ணி பட்டிட்டு. கச்சானுக்கு ஒண்டுமே இல்ல. அது ஏன்?”

 “ஈர விறகு காரணமோ?” என்றாள் இரத்தினேஸ்வரி யோசித்தபடி.

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனா ரெண்டு வீட்டிலயும் விறகு காய்ஞ்சது. நான் போய்ப் பாத்தனான்” என்றாள் ஸல்ஹா. “நீங்களும் வாங்க. அந்த ரெண்டில முதல்ல உம்மு குல்சும்ட வீட்டுக்குப் போவம்.”

இருவரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள்.